மூட்டை தூக்க மட்டும்தானா எங்கள் பெடியள்?

எங்கள் பிரதேச செயலாளர் அவர்களுக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும்,

போன கிழமை கிராம அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு கடிதத்தைத் தந்துவிட்டுப் போனார். ஐந்தே வரி. "அனர்த்த காலத் தேவை நிறைவடைந்துள்ளதால்" எங்கள் சனசமூக நிலையத்தில் இளைஞர்கள் பின்னேரங்களில் பிள்ளைகளுக்காக நடத்தும் வேலைகளை இந்த மாத முடிவோடு நிறுத்த வேண்டும். மண்டபத்தின் சாவியை ஒப்படைக்க வேண்டும். மண்டபம் இனி நிவாரணப் பொருட்கள் வைக்கும் களஞ்சியமாக இருக்கும். கீழே கையொப்பம், றப்பர் முத்திரை.

கடிதத்தை உரக்க வாசித்த பெடியன் மடித்து என் கையில் தந்துவிட்டுக் கேட்டான்: "அண்ணை, தேவை முடிஞ்சுதெண்டு ஆர் வந்து பாத்தவை?"

அந்தக் கேள்வியோடு உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தரம் வந்தேன். இரண்டு தரமும் "கூட்டத்தில நிக்கினம்" என்றார்கள். சரி, எல்லோரும் வாசிக்கும்படியே எழுதிவிடலாம் என்று முடிவெடுத்தேன். உங்கள் பெயர்களையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கதிரையில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கடிதத்தின் வாசகம்தான் மாறுவதில்லை.

இந்தப் பின்னேர வேலை எப்படித் தொடங்கியது என்று உங்கள் கோப்பில் இருக்காது. அதனால் சொல்கிறேன்.

2024 நவம்பர் 26 இரவு. அந்தத் தாழமுக்கத்துக்குப் பெங்கல் என்று பெயர் வைத்தது 29ஆம் திகதி. பெயர் வைக்க முன்னமே அதன் வெள்ளம் எங்கள் அடுப்படிக்குள் வந்துவிட்டது. விடியப்புறம் மூன்று மணிக்கு எங்கள் விளையாட்டுக் கழகப் பெடியள் கதவு கதவாகத் தட்டினார்கள். படுக்கையில் கிடந்த இரண்டு ஆச்சிமாரைக் கதிரையோடு தூக்கினார்கள். ஒருத்தர் தன் கோழிக்கூட்டை விட்டு வரமாட்டேன் என்று நின்றார். கோழியும் வந்தது. பாடசாலையில் அடுப்பு மூட்டி, கோயில் கிடாரத்தை வாங்கிவந்து பருப்பும் சோறும் வைத்தபோது மணி பத்து இருக்கும். உங்கள் அலுவலக வாகனம் பன்னிரண்டரைக்கு வந்தது. பாதையெல்லாம் தண்ணீர், அதற்காகக் குறை சொல்ல வரவில்லை. வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அப்புறம் பெடியளைப் பார்த்து, "தம்பிமார், லொறியில் இருக்கிற மூட்டையை இறக்குங்கோ" என்றார்கள். இறக்கினார்கள்.

அந்தக் கிழமைதான் உயர்தரப் பரீட்சை. 25ஆம் திகதி தொடங்கியது, 27இலிருந்து நிறுத்தப்பட்டது, டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் இருந்த அந்த நாட்களைப் பரீட்சை எழுதும் பிள்ளை ஒன்றின் இடத்தில் இருந்து நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் சேறு, கரண்ட் இல்லை, குறிப்புக் கொப்பிகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பம் படுத்திருக்கிறது. 29ஆம் திகதி மண்டபத்தில் தண்ணீர் வற்றியதும் பெடியள் கழுவி விட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர் தன் ஜெனரேட்டரைத் தந்தார். நான்கு வாங்கு, இரண்டு ரியூப் லைட். முதல் நாள் வந்தது ஏழு பிள்ளைகள். பரீட்சை முடிந்த பிறகும் வந்தார்கள். கூடவே தம்பி தங்கச்சிமாரும் வந்தார்கள். அப்படித்தான் தொடங்கியது. திட்டமும் இல்லை, திட்ட முன்மொழிவும் இல்லை.

டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் ஒரு காய்ச்சல் பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் என்ன காய்ச்சல் என்றே விளங்காமல் சனம் பயந்தது, பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. உயிர்களும் போயின. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நின்றால், காலில் ஒரு சின்னக் கீறல் போதும். எங்கள் பெடியள் எத்தனை நாள் நின்றார்கள்? வாய்க்காலில் அடைத்துக் கிடந்த குப்பையை, செத்த நாயை, இடிந்த மதிலின் கல்லைக் கையால் எடுத்தார்கள். பூட்ஸ் இல்லை, கையுறை இல்லை. வாய்க்கால் துப்பரவு செய்யச் சொல்லிக் கேட்டது உங்கள் அலுவலகம். முன்கூட்டியே போடவேண்டிய டொக்சிசைக்கிளின் மாத்திரைக்குப் பெயர்ப் பட்டியல் எடுத்தபோது இவர்கள் அதில் இல்லை. ஏனென்று கேட்டேன். பட்டியலில் இரண்டு நிரல்தான் இருந்ததாம்: பாதிக்கப்பட்டவர்கள், உத்தியோகத்தர்கள். எங்கள் பெடியள் இரண்டுக்குள்ளும் வரவில்லை.

அவர்களில் ஒருவன் பதினொரு நாள் ஆசுபத்திரியில் கிடந்தான். மேசன் வேலைக்குப் போகிறவன், பத்தொன்பது வயது. கண் மஞ்சளாகி, கெண்டைக்கால் சதை வலியில் எழும்பி நிற்க முடியாமல் இருந்தான். உயிர் தப்பியது. சம்பளம் இல்லாத அந்த நாட்களுக்கு அவன் வீட்டு அடுப்பு எரிந்தது கழகத்தின் கிரிக்கெட் மட்டைக் காசில். இதை யாருக்கும் அறிக்கையாக எழுதி அனுப்பவில்லை. எந்த நிரலில் எழுதுவது?

கிணறுகளின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் என்றால் தோள்பலம் என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு அது தெரியவேண்டும். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்று, அதுவும் மாரிக்கு மட்டும் ஓடுவது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு எல்லாம் கிணறுதான். கீழே சுண்ணாம்புக்கல், மேலே விட்டது எல்லாம் கீழே போய்ச் சேரும். வெள்ளம் மலசலகூடக் குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிட்டது. "கிணற்றை அடியோடு இறையுங்கள்" என்று மேலிருந்து வாய்ச் சொல்லாக ஓர் அறிவித்தல். மூன்று பம்ப் எடுத்துக்கொண்டு போன பெடியளை ஓர் ஆச்சி மறித்தார். கடற்கரைப் பக்கக் கிணறு, நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே மெல்லிசாக மிதந்து கிடக்கிறது, அடியோடு இறைத்தால் கீழே கிடக்கும் உவர் மேலே ஏறிவிடும், சுனாமிக்குப் பிறகு இப்படித்தான் தன் கிணறு கெட்டது என்றார். அவர்கள் பம்பை நிறுத்திவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தேடிப்போய்க் கேட்டார்கள். அவர் ஆச்சி சொன்னதே சரி என்றார். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, ஊறவிட்டு, குளோரின் போடச் சொல்லிக் கொடுத்தார். எந்தக் கிணறு எப்போது இறைத்தது, எத்தனை தரம் குளோரின் போட்டது, தண்ணீர் வாயில் எப்படி இருக்கிறது என்று ஒரு தங்கச்சி கொப்பியில் எழுதத் தொடங்கினாள்.

அந்தக் கொப்பி வளர்ந்தது. ஒரு வருடத்தில் அதில் ஊரே வந்துவிட்டது. எந்த வீட்டில் நடக்கமுடியாதவர் இருக்கிறார், யார் இன்சுலின் போடுகிறார், எந்த மதகு எந்த மதிலால் அடைபட்டது, எந்த வளவில் தண்ணீர் முதலில் ஏறும், எல்லாம். 2025 ஒக்ரோபரில் பெடியள் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் மதகுகளைத் துப்பரவு செய்தார்கள். நவம்பர் 28இல் டித்வா இலங்கைக்குள் வந்தது. மலையகத்தில் மண் சரிந்து, நாடு முழுக்க அறுநூறுக்கும் மேல் உயிர்கள் போன புயல். அந்தத் துயரத்துக்கு முன்னால் எங்களுடையதைப் பெரிதாகச் சொல்ல வாய் வராது. ஆனால் எங்கள் ஊரில் இந்த முறை ஆச்சிமார் இருட்ட முன்னமே பாடசாலையில் இருந்தார்கள், மருந்துப் பையோடு. யாரும் கதவு தட்டத் தேவைப்படவில்லை.

பிறகு வீடு சுத்தம் செய்ய அரசாங்கம் 25,000 ரூபா அறிவித்தது. உங்கள் அலுவலகத்தில் இருந்து ஆள் வந்து கொப்பியைக் கேட்டார். கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அட்டையில் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம் இருந்தது. ஒட்டிய பட்டியலில், கொப்பியில் முதல் பக்கத்தில் இருந்த மூன்று வீடுகள் இல்லை. தண்ணீர் ஏறாத மாடி வீடு ஒன்று இருந்தது. சனம் உங்களிடம் வரவில்லை. கொப்பியோடு வீடு வீடாகப் போன அந்தத் தங்கச்சியின் படலைக்குப் போய்க் கத்தியது. பட்டியல் எப்படித் தயாரானது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பதில் மட்டும் அவள் சொல்லவேண்டி வந்தது.

நான் ஏன் இதில் இவ்வளவு விடாப்பிடியாக நிற்கிறேன் என்று கேட்பீர்கள். தேசிய இளைஞர் கொள்கைப்படி இளைஞர் என்றால் 15 முதல் 29 வயது வரை. நான் அந்த வயதைத் தாண்டி ஆறு வருடமாகிறது. 2004 டிசம்பர் 26இல் எனக்குப் பதினான்கு. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், கடற்கரையில் நின்ற எங்களில் சிலர் திரும்பி வரவில்லை. மாதக் கணக்கில் பாடசாலையில் இருந்தோம். தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வந்தன, வண்ணப் பென்சில் தந்தார்கள், கடலைக் கீறச் சொன்னார்கள். நான் கீறவில்லை.

எங்கள் சனசமூக நிலையத்து அண்ணா ஒருவர் இரண்டு பனைக்கு நடுவே கரப்பந்து வலை கட்டினார். முதல் நாள் ஒருவரும் போகவில்லை. அவர் தனியே பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் போனேன். என்ன நடந்தது, யாரை இழந்தாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "சேர்வ் பண்ணு" என்றார். பல வருடம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். வலையைக் கரைக்குக் குறுக்காகக் கட்டியிருந்தார். எந்தப் பக்கத்தில் நின்று விளையாடினாலும் முகம் கடலைப் பார்க்காது. 2006 ஓகஸ்ட்டில் போரால் குடாநாட்டுக்கான ஏ9 தரைப்பாதை பூட்டியதும் வெள்ளை வாகனங்கள் வருவது நின்றுபோனது. வலை அந்த மாரியிலும் இருந்தது.

பேரழிவு தனி ஆளை மட்டும் உடைப்பதில்லை, ஊரின் கட்டையே அவிழ்த்துவிடுகிறது என்று உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் யாழ்ப்பாணத்து அனுபவத்தில் இருந்து பல வருடமாக எழுதி வந்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் படிப்பு இல்லை. உளவளத்துணை தேவைப்படும் பிள்ளையை உரிய இடத்துக்கு அனுப்புகிறோம். மற்றப்படி நாங்கள் செய்வது வலை கட்டுவதுதான்.

இப்போது மண்டபத்துக்கு வரும் ஒரு சின்னவன், ஒன்பது வயது. வானம் இருண்டால் எழும்பிப் போய்த் தன் புத்தகப் பையை யன்னல் கம்பியின் மேல் முனையில் கட்டுவான். இரட்டை முடிச்சு. பிறகு வந்து இருந்து கணக்குச் செய்வான். யாரும் அவனைச் சிரிப்பதில்லை, ஏன் என்று கேட்பதும் இல்லை. போன மாதம் ஒரு தூறல் நாளில் அவன் பையைக் கட்ட எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள். தேவை நிறைவடைந்துவிட்டதா என்று அளக்க உங்களிடம் எந்தப் படிவம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எங்களிடம் இருக்கும் அளவுகோல் அந்த யன்னல் கம்பிதான். அதை வைத்துச் சொன்னால், முடியத் தொடங்கியிருக்கிறது. தொடங்கிய இடத்தில் பூட்டுகிறீர்கள்.

இதே மாதம் உங்கள் கேட்போர் கூடத்தில் "இளைஞர் மத்தியில் போதைப் பாவனை" என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. நானும் வந்தேன். பெற்றோர் பிள்ளைகளைக் கவனிப்பதில்லை என்று மூன்று பேர் பேசினார்கள். பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறரை வரை, அப்பா கடலிலும் அம்மா தோட்டத்திலும் நிற்கும் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் பேசவில்லை. பணிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள், நல்லாயிருந்தது.

இனிக் களஞ்சியம். ஊரில் களஞ்சியம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 2024இல் அரிசி வர நேரமானதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அந்த மண்டபத்திலா? உள்ளே வந்து சுவரைப் பாருங்கள். தரையில் இருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கபில நிறக் கோடு. 2024 வெள்ளம் நின்ற உயரம். பெயின்ற் அடித்தும் போகவில்லை. பிள்ளைகள் அந்தக் கோட்டைத் தண்ணீர் மட்டமாக வைத்து, அதற்குக் கீழே மீன் கீறியிருக்கிறார்கள், ஒரு சுறாவும் நண்டும் கூட. அந்த மீன்கள் நிற்கும் இடத்தில்தான் நீங்கள் அரிசி மூட்டை அடுக்கப் போகிறீர்கள். கடிதம் எழுதியவர் ஒருதரம் கதவைத் திறந்து பார்த்திருந்தால் அந்த ஐந்து வரியும் எழுதப்பட்டிருக்காது. இதே ஒழுங்கையில் நூறு யார் மேலே, மேட்டில், கூட்டுறவுச் சங்கத்தின் பழைய சங்கக்கடைக் கட்டடம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஓடு சில மாற்றவேண்டும், அவ்வளவுதான். ஓடு மாற்றப் பெடியள் வருவார்கள்.

எங்கள் பக்கப் பிழையையும் ஒளிக்க மாட்டேன். சனசமூக நிலையத்தின் கணக்கறிக்கையை இரண்டு வருடமாக ஒப்படைக்கவில்லை, பதிவு புதுப்பிக்கப்படவில்லை. தொடக்கத்தில் வரவுப் புத்தகம்கூட ஒழுங்காக வைக்கவில்லை. மலசலகூடக் கதவு உடைந்து கிடந்ததால் பெரிய பிள்ளைகள் சில மாதம் வராமல் விட்டார்கள், அதைக் கவனிக்க எங்களுக்கு நாள் எடுத்தது. கதவு இப்போது போட்டாயிற்று. கணக்கறிக்கை இந்த மடலோடு வருகிறது.

அப்புறம் அந்தக் கிராமிய அனர்த்த முகாமைத்துவக் குழு. அதில் "இளைஞர் பிரதிநிதி" என்று ஒரு இடம் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த இடத்தில் இருப்பவருக்கு ஐம்பத்துநாலு வயது. நல்ல மனிதர், என் சித்தப்பா முறை, இதை வாசித்துவிட்டு என்னோடு இரண்டு நாள் கதைக்க மாட்டார். கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்கு நடக்கிறது. அந்த நேரம் எங்கள் பெடியளில் ஒருவன் சாரத்தில் நின்று கல்லுக் கட்டுகிறான், ஒருத்தி பல்கலைக்கழகத்தில் விரிவுரையில் இருக்கிறாள், இன்னொருவன் வலை இழுத்துவிட்டு வந்து நித்திரை. அப்போது "இளைஞர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று கூட்டக் குறிப்பில் எழுதுகிறீர்கள். எழுதியதை வாசித்தேன்.

ஆகவே கேட்கிறேன். அந்தக் கடிதத்தை எழுத்தில் மீளப் பெறுங்கள். வாய்ச் சொல் வேண்டாம், அடுத்த உத்தியோகத்தர் வரும்போது எங்கள் கையில் தாள் இருக்க வேண்டும். களஞ்சியத்துக்குச் சங்கக்கடைக் கட்டடத்தைக் கூட்டுறவுச் சங்கத்தோடு பேசி அடுத்த மாரிக்கு முன் எடுங்கள். குழுவில் 15க்கும் 29க்கும் இடைப்பட்ட இரண்டு பேருக்கு இடம் தாருங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், கூட்டத்தைப் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வையுங்கள்.

வெள்ளத்தில் இறங்கச் சொல்லும் எவருக்கும் இறங்க முன்னரே பூட்ஸும் கையுறையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக மாத்திரையும் கிடைக்க வேண்டும். பட்டியலில் "தொண்டர்கள்" என்று மூன்றாவது நிரல் ஒன்றைப் போடுங்கள். ஒரு கோடு கீறினால் போதும். அந்த நிரலில் இருப்பவர் வேலையால் நோயாளியானால் அவருக்கு நாள் சம்பளம் யார் கொடுப்பது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

நிவாரணப் பட்டியல் எதுவானாலும், முடிவாக்க முன் ஒரு கிழமை சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். யார் தயாரித்தார் என்ற பெயரும் பதவியும் கீழே இருக்கட்டும். கத்த விரும்புகிறவர்கள் சரியான படலைக்குப் போவார்கள். கொப்பி தேவையென்றால் மண்டபத்துக்கு வந்து பாருங்கள், இனி வெளியே கொடுக்க மாட்டோம்.

சாவியை நேற்று உங்கள் உத்தியோகத்தர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார், மாத முடிவு வரைக்கும் பொறுக்காமல். வரும் திங்கட்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அதற்கு முன் சாவி எங்கள் கையில் இருக்க வேண்டும். நீங்களே கொண்டுவந்து தந்தால் நல்லது, சுவரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
சனசமூக நிலையத்தின் முன்னாள் செயலாளர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.